பத்து வட்டம், இருபத்திரண்டு கோடு, ஒரு பொய்

1

கல்கத்தா வெளிநாடு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் முப்பத்து நாலு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவனைத் திருச்சியில் 'கல்கத்தாக்காரர்' என்கிறார்கள், இங்கே 'மாத்ராஜி' என்கிறார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அதனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதுகிற மாதிரி நானும் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். ஆண்டு நிறைவு, அறுபதாம் கல்யாணம் எதுவும் காரணமில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான்.

மகள் நந்தினி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கான விசாரணை. நாங்கள் இருப்பது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி வந்தவர் தன்னை மண்டல் என்று சொல்லிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர், நாற்பது வயது இருக்கும். என் மனைவி சாரதா காபி கொடுத்தாள். தமிழர் வீட்டு மாடி எத்தனை உயரமானாலும் மேலே காபி இருக்கும் என்று இந்தத் தெருவுக்கு வருகிற அரசாங்க ஆட்களுக்கெல்லாம் தெரியும். நந்தினி அப்போது வீட்டில் இல்லை. ஜாதவ்பூரில் வகுப்பு எடுக்கப் போயிருந்தாள்.

மண்டல் ஆதார் பார்த்தார், கரண்ட் பில் பார்த்தார், வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டினார். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், எதிர் வீட்டுக்காரர் பெயர் என்ன என்றெல்லாம் கேட்டார். எல்லாம் வங்காளியில்தான். கடைசியில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "மேயே கீ கொரே?" என்றார். பெண் என்ன செய்கிறாள்?

"சாப்ட்வேர்" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் பொய் என்றாவது சொல்லலாம். நாலு வருஷமாக வாய்க்குப் பழகிப்போன சொல் அது. திருச்சியில் அக்கா கேட்டால் சாப்ட்வேர், மச்சினன் கேட்டால் சாப்ட்வேர், இங்கே தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் யாராவது கேட்டால் சாப்ட்வேர். மேற்கொண்டு கேள்வி வராது. மண்டலும் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுதிக்கொண்டார், காபி நன்றாக இருந்தது என்றார், படியிறங்கிப் போனார்.

நந்தினி சாப்ட்வேரில் இருந்தது மூன்று வருஷம். அதை விட்டு நாலு வருஷம் ஆகிறது. இப்போது அவள் டாரட் சீட்டுகளைப் படிக்கச் சொல்லித்தருகிறாள், அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற கபாலாவையும் சொல்லித்தருகிறாள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் அவள் அதைத்தான் எழுதியிருந்தாள்: சுயதொழில், டாரட் ஆசிரியை. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

2

வேலையை விட்ட அன்று நான் கேட்டேன்: "கிளி ஜோசியம் பார்க்கிறதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சேன்?"

"கிளி கிடையாதுப்பா. சீட்டை நானேதான் எடுக்கணும்" என்றாள்.

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் மேஜைமேல் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகத்தை வைத்தாள். ஆரம்பக்காரர்களுக்கு எழுதியது. "முதல்ல இதைப் படி. அப்புறம் வேணும்கிற மட்டும் திட்டு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

திட்டுவதற்குச் சரக்கு சேர்க்கத்தான் படித்தேன். உங்களில் பலருக்கும் இது புதிதாக இருக்கும், அதனால் நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். கபாலா என்பது யூதர்களின் மறைஞான மரபு. 'பெற்றுக்கொண்டது' என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தமாம், குரு கொடுக்க சீடன் வாங்கியது. எல்லையே இல்லாத ஒன்றிலிருந்து எல்லையுள்ள இந்த உலகம் எப்படி வந்தது என்று அவர்களுக்கு ஒரு கேள்வி. நமக்கும் உள்ள கேள்விதான். அவர்கள் பத்துப் படியில் பதில் சொல்கிறார்கள். உச்சியில் கிரீடம். அதற்கடுத்து ஞானமும் புரிதலும். பிறகு கருணையும் கண்டிப்பும். நடுவில் அழகு. அதற்குக் கீழே வெற்றியும் மகிமையும். பிறகு அஸ்திவாரம். எல்லாவற்றுக்கும் அடியில் ராஜ்யம், அதாவது நாம் இட்லி தின்று மின்கட்டணம் கட்டுகிற இந்த உலகம். பத்தையும் பத்து வட்டமாகப் போட்டு, இருபத்திரண்டு கோடுகளால் இணைத்திருக்கிறார்கள். எபிரேய மொழியில் இருபத்திரண்டு எழுத்து, கோட்டுக்கு ஒன்று. படத்துக்கு உயிர் மரம் என்று பெயர். மேலிருந்து கீழே இறங்கினால் படைப்பு, கீழிருந்து மேலே ஏறினால் படிப்பு.

நான் கார்டன் ரீச் பக்கம் படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவன். ஒரு படத்தைப் பார்த்தால் அது சாமியா பூதமா என்று பார்க்கத் தெரியாது, நிற்குமா சாயுமா என்று பார்ப்பேன். இது நின்றது. வலது பக்கம் கருணைத் தூண், இடது பக்கம் கண்டிப்புத் தூண், நடுவில் இரண்டையும் சமன் செய்ய ஒன்று. வரைந்தவன் யாராக இருந்தாலும் காம்பஸ் பிடிக்கத் தெரிந்தவன். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

டாரட்டுக்கும் இதற்கும் பூர்வ ஜன்ம பந்தம் ஒன்றும் கிடையாது. அது இத்தாலிப் பக்கத்தில் ஆடிய சீட்டாட்டம். நாலு வகைச் சீட்டு, அதற்குமேல் படம் போட்ட இருபத்திரண்டு சீட்டு. மந்திரவாதி, சக்கரவர்த்தினி, கோபுரம், சந்திரன் என்று பெயர்கள். சில நூற்றாண்டு கழித்து பிரெஞ்சுக்காரர்கள் சிலர், இங்கேயும் இருபத்திரண்டு அங்கேயும் இருபத்திரண்டு என்று பார்த்து, சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். அப்புறம் இங்கிலாந்துக்காரர்கள் சீர்வரிசை வைத்தார்கள். நாலு வகைச் சீட்டிலும் ஒன்றிலிருந்து பத்து வரை இருக்கிறதே, அதைப் பத்து வட்டத்துக்குக் கொடுத்தார்கள். யூதப் பெரியவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு நந்தினியிடம் போனேன். "ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, தெரியுமா? நடுவுல வந்தவங்க முடிச்சுப் போட்டது."

"தெரியும்ப்பா. முதல் வகுப்புல அதைத்தான் சொல்லுவேன்" என்றாள். "வரப்போறதைச் சொல்றதுக்கு இல்ல இது. ஒரு சீட்டை எடுத்து, அது மரத்துல எங்க உட்காருதுன்னு பார்த்து, நம்மளையே நாம கேள்வி கேட்டுக்கறது. பதில் சீட்டுல கிடையாது."

என் சாட்சியை எதிர்க்கட்சி வக்கீல் தன் சாட்சியாக அழைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன்.

3

போன வருஷம் அவளே கேட்டாள். "அந்த மரத்தை வகுப்புச் சுவத்துல மாட்டற மாதிரி பெரிசா வரைஞ்சு குடேன்."

ஓய்வுபெற்றவனிடம் வரைந்து கொடு என்று ஒருவர் கேட்பது சாதாரண விஷயமில்லை. டிராயிங் போர்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்தேன். வட்டம் பத்தும் ஒரே அளவு, கோடு இருபத்திரண்டும் இரட்டைக் கோடு, ஒவ்வொரு கோட்டின்மேலும் எபிரேய எழுத்து, பக்கத்தில் சீட்டின் பெயர். அந்த எழுத்துகளை ஒரு வாரம் தனியாகப் பழகினேன். அச்சடித்த மாதிரி இருந்தது என்று நானே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

நந்தினி பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீ பிரெஞ்சுக் கட்சியாப்பா?"

விஷயம் இது. படச் சீட்டுகளில் 'முட்டாள்' என்று ஒன்று உண்டு. அதன் எண் பூஜ்யம். எங்கள் வரைபடத்தில் பாக எண்கள் ஒன்றில்தான் தொடங்கும், பூஜ்யம் என்று ஒரு பாகமே கிடையாது. அதனால் முதல் கோட்டை ஒன்றாம் எண்ணான மந்திரவாதிக்குக் கொடுத்து வரிசையாக இறங்கினேன். கடைசியில் முட்டாள் கையில் மிஞ்சினான். கடைசிக் கோடு 'உலகம்' என்ற சீட்டுக்கு. உலகத்துக்கு அப்புறம் முட்டாளுக்கு என்ன வேலை என்று அவனை அதற்கு முந்தின கோட்டில் செருகிவிட்டேன். பழைய பிரெஞ்சுக்காரர்கள் செய்ததும் அதேதானாம். இவள் சொல்லித்தருவது இங்கிலீஷ்காரர்கள் முறை. அதில் முட்டாள்தான் முதல். ஆக, உலகம் ஒன்றைத் தவிர எல்லாச் சீட்டும் என் படத்தில் தப்பான வீட்டில் உட்கார்ந்திருந்தது.

"பூஜ்யம் எப்படி முதல் ஆகும்?" என்று வாதாடினேன். வாதாடும்போதே ஒன்று நினைவு வந்தது. நம் பக்கம் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார், 'லாபம்' என்பார். அடுத்ததுதான் ரெண்டு. இங்கே வங்காளத்திலும் முதல் எடையை 'ராம்' என்று சொல்லி நிறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையில் சேர்க்காத ஒன்றை முதலில் வைத்துத்தான் எண்ணத் தொடங்குவது எல்லாருக்கும் வழக்கம் போலிருக்கிறது. இதை வாய்விட்டுச் சொன்னேன். நந்தினி சிரிப்பதை நிறுத்திவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் அதை வகுப்பில் சொன்னாளாம். அவள் மாணவிகள் தெருவில் என்னைப் பார்த்தால் "லாபம் மேஷோமொஷாய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேஷோமொஷாய் என்றால் பெரியவருக்கு மரியாதையாகச் சித்தப்பா என்கிற மாதிரி.

இரண்டாவது படம் வரைய மூன்று நாள் ஆயிற்று. ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்த மூன்று நாள். அதில் இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். "நந்தினி இன்னும் அதே கம்பெனிதானா?" என்றாள். மை ஊறிய பேனாவைக் கையில் பிடித்தபடியே, "ஆமாக்கா, அதே சாப்ட்வேர்தான்" என்றேன்.

4

பாஸ்போர்ட் எதற்கு என்று சொல்லவில்லையே. லிஸ்பனில் ஒரு வயதான அம்மாள் இருக்கிறார். எபிரேயம் தெரிந்தவர், மூல நூல்களை வைத்துக் கபாலா சொல்லித்தருகிறவர். ஒரு வருஷப் படிப்பு, ஒவ்வொரு தடவையும் நாலே பேரைத்தான் எடுத்துக்கொள்வார். நந்தினியை எடுத்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரோ எழுதிய சுருக்கத்தின் சுருக்கத்தையே எத்தனை நாள் சொல்லித்தருவது என்பது இவளுடைய நீண்ட நாள் மனக்குறை. வகுப்பு தொடங்குவதற்குள் பாஸ்போர்ட் வந்து, அதன்மேல் விசா வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் ஐந்தாவது ஆளுக்குப் போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து அவள் போனில் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று செய்தி வந்தது. ஏன் என்று சொல்லவில்லை. அவள் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனாள். டோக்கன் கொடுத்து, ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அனுப்பி, கடைசியில் 'போலீஸ் அறிக்கை' என்ற இரண்டு சொல்லோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் மண்டல் என்னைக் கூப்பிட்டார். விசாரணைக்கு வந்தபோது அவர் குறித்துக்கொண்ட எண் என்னுடையது.

"மேஷோமொஷாய், விண்ணப்பத்தில் ஒன்று இருக்கிறது, நீங்கள் சொன்னது ஒன்று இருக்கிறது. எது நிஜம்? பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் தகவல் பொய் என்று நான் எழுத வேண்டிவரும்."

போனை வைத்துவிட்டு சாரதாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையிலிருந்த கொத்தை உருவி முடித்தாள். அப்புறம், "விட்டுடுங்களேன்" என்றாள்.

"எதை?"

"போகாம இருக்கட்டும். நாமளா ஒண்ணும் பண்ணலையே, அதுவா நின்னுபோச்சு. எனக்கு அவ ஒருத்திதானேங்க."

இரண்டு நாள் நான் நந்தினியிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இரண்டு நாளும் அவள் பாஸ்போர்ட் தளத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே, "எதுக்கு நிறுத்தியிருப்பாங்க, நான் என்னப்பா தப்பா எழுதினேன்?" என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

கோபம் வந்தால் அவளுக்கு வங்காளி வரும். அன்று வரவில்லை. "யார் யார்கிட்ட இப்படிச் சொல்லியிருக்க?"

"எல்லார்கிட்டயும்."

"நாலு வருஷமாவா?"

"ஆமாம்."

"அப்ப அந்தப் படம் வரைஞ்சியே?"

படம் வரைந்தவனும் நான்தான், அக்காவிடம் பேசியவனும் நான்தான். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

5

ஸ்டேஷனில் மண்டல் எங்களை எதிரே உட்கார வைத்து டீ வரவழைத்தார். வீட்டில் குடித்த காபிக்குப் பதில் மரியாதை. "முதலில் இந்த டாரட் என்றால் என்னவென்று சொல்லுங்கள். மாந்திரீகம், வசியம் மாதிரி ஏதாவதா? அப்படியென்றால் வேறு மாதிரி எழுத வேண்டும்."

நந்தினி வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். மேஜைமேல் கிடந்த ஒரு பழைய சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டு, பத்து வட்டம் போட்டேன். வெறும் கையால் போட்டதால் கொஞ்சம் கோணல். இது கருணை, இது கண்டிப்பு, கருணை மட்டும் இருந்தால் வீடு நாசம், கண்டிப்பு மட்டும் இருந்தால் வீடு ஸ்டேஷன் ஆகிவிடும் என்றேன். மண்டல் சிரித்தார். சீட்டுகள் இதில் எப்படி வந்து உட்கார்ந்தன, இத்தாலிக்காரன் ஆடியதைப் பிரெஞ்சுக்காரன் எப்படி இழுத்து வந்தான், பிள்ளைகள் இதில் எதைப் படிக்கிறார்கள் என்று பத்து நிமிஷம் பேசியிருப்பேன். முழுக்க வங்காளியில். நந்தினி திருத்தவே இல்லை.

மண்டல் 'தத்துவம் சார்ந்த பாடம்' என்று ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்போது உங்கள் விளக்கம். நான் சொல்கிறேன், எழுதுங்கள். 'நான் தென்னாட்டைச் சேர்ந்தவன். எனக்கு வங்காளி சரியாகத் தெரியாது. அதிகாரி கேட்டதைத் தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிட்டேன்.' அவ்வளவுதான். மாத்ராஜி என்றால் மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. முப்பத்து நாலு வருஷம் இந்த ஊரில் மீன்காரியோடும், யூனியன்காரர்களோடும், வீட்டுக்காரரோடும் சண்டை போட்டுக் கற்ற பாஷை. அது எனக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுதினால் என் மகள் விமானம் ஏறலாம்.

"எழுதிடுப்பா" என்றாள் நந்தினி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "வேலை முடியட்டும்."

பேனாவை எடுத்தேன். 'நான் தென்னாட்டைச் சேர்ந்தவன்' வரை எழுதினேன். அது உண்மை. அடுத்த வரிக்குக் கை போகவில்லை. ஒரு பொய்யை அழிக்க வந்து இன்னொன்றை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோமே என்ற தர்ம நியாயமெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த விதம்தான் தாங்கவில்லை.

"நீங்கள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது, மண்டல் பாபு" என்றேன். "ஆமார் லொஜ்ஜா கொர்சிலோ." எனக்கு வெட்கமாக இருந்தது.

மண்டல் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அதை எழுத முடியாதே, மேஷோமொஷாய். வெட்கம் என்பது பைலில் ஏறாது."

"அப்படியென்றால் தவறாகச் சொன்னேன் என்று மட்டும் எழுதுகிறேன்."

"காரணம் இல்லாமலா? நாளைக்கு உங்களையே கூப்பிட்டு விசாரிக்கலாம்."

"கூப்பிடட்டும்."

அவர் பேனா முனையால் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு, சரி எழுதுங்கள் என்று கையைக் காட்டினார். 'என் மகளின் தொழில் பற்றி நான் சொன்னது தவறு. அவள் டாரட்டும் கபாலாவும் கற்பிக்கும் ஆசிரியை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார்.

6

பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது. நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் கிளம்புகிறாள். சாரதா பருப்புப்பொடிக்கு வறுக்கிறாள், நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிறாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

அன்று ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தோம். நல்ல வெயில். நந்தினி இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

"உள்ள அவர்கிட்ட சொன்னியே, அதைத் தமிழ்ல சொல்லு."

"எதுக்கும்மா? நீதான் கேட்டியே."

"அவர்கிட்டதானே சொன்ன. எங்கிட்ட சொல்லலையே."

உள்ளே வங்காளியில் வந்தது சுலபமாக வந்துவிட்டது. ஒரு மினிபஸ் போனது, கண்டக்டர் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கத்தினான். அது போகும்வரை காத்திருந்தேன். பிறகு இன்னொரு பஸ் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

"நீ செய்யறதை வெளியில சொல்ல வெட்கப்பட்டேன்மா. நாலு வருஷமா."

"இப்போ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பைலை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் டைம் இருக்கு. நான் திரும்பி வர்றதுக்குள்ள அதையும் போக்கிக்கோ" என்றாள்.